சாவி ஒருத்தியிடம், நோட்டு இன்னொருத்தியிடம்!

“ஏம்மா, என் மேலே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?” போன மாதக் கூட்டத்தில் எங்கள் மகளிர் சுய உதவிக் குழு ஊக்குநர் அக்கா இப்படிக் கேட்டதும், யாருக்கும் வாய் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். குழுவில் 15 பேர். சேமிப்புப் பணம் வாங்குவது, நோட்டில் எழுதுவது, பாங்கில் கட்டுவது எல்லாமே அக்காதான். செக்கில் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். அந்தப் புண்ணியவதியோ, அலைச்சல் மிச்சம் என்று வெற்றுச் செக்குகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்! “பணத்தை ஒருத்தி வாங்கட்டும், நோட்டை இன்னொருத்தி எழுதட்டும்” என்று நான் சொன்னதற்குத்தான் அந்தக் கோபம்.

என் வீட்டுக்காரர் பாங்கில் கேஷியர். இருபது வருஷ சர்வீஸில் ஒருநாள்கூட ஸ்ட்ராங் ரூமைத் தனியாகத் திறந்ததில்லை. ஒரு சாவி இவரிடம், இன்னொன்று அதிகாரியிடம். அதற்காக இவரைத் திருடர் என்று யாராவது சொன்னார்களா? நாம் நகை வைக்கும் லாக்கரையே பாருங்கள், பாங்க்காரர் சாவி போட்ட பிறகுதான் நம் சாவி திரும்பும்.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் ஒரு கதை சொல்வார். 1762ல் தொடங்கிய பேரிங்ஸ் என்ற லண்டன் வங்கி, 1995ல் ஒரே ஊழியரால் மூழ்கியது. சிங்கப்பூரில் இருந்த நிக் லீசன், வாங்கி விற்கும் வேலையையும், அதைச் சரிபார்க்கும் கணக்கு வேலையையும் சேர்த்தே கவனித்தார். நஷ்டத்தையெல்லாம் 88888 என்ற கணக்கில் ஒளித்து வைத்தார். 80 கோடி பவுண்டுக்கு மேல் போயிற்று. இரண்டு பொறுப்பும் ஒருவரிடம் இருப்பது சரியில்லை என்று முந்தின வருஷமே தணிக்கையில் எழுதியிருந்தார்களாம். மேலிடம் கேட்கவில்லை. கடைசியில் வங்கி ஒரே ஒரு பவுண்டுக்கு விலை போனது.

‘ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துவிட்டால்?’ என்று ஒரு தோழி கேட்டாள். சேரலாம்தான். ஆனால் ஒருத்தி தனியாகச் சபலப்படுவது போல, இருவர் பேசிவைத்துக்கொண்டு செய்வது அவ்வளவு சுலபமா?

திருட்டைவிட எனக்குப் பயம் வேறு. பக்கத்துத் தெருக் குழுவில் ஒருமுறை 1,800 ரூபாய் குறைந்தது. பணம், நோட்டு இரண்டும் ஒருத்தி கையில். ஊரே அவளைத்தான் பேசியது. கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டாள் பாவம். ஒரே தவணையை இரண்டு இடத்தில் வரவு எழுதியிருந்தது நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நோட்டை வேறொருத்தி எழுதியிருந்தால் அன்று சாயங்காலமே கண்டுபிடித்திருக்கலாம்.

இதைச் சொன்ன பிறகுதான் அக்கா இறங்கிவந்தார். அந்தச் செக்குகளை எடுத்து வந்து எல்லார் முன்னாலும் கிழித்துப் போட்டார். முகம் மட்டும் இன்னும் ‘உர்’ரென்றுதான் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் பணம் வாங்கும் முறை என்னுடையது. நோட்டை நான் தொடக்கூடாது.

- ஒரு வாசகி, திண்டுக்கல்