தோற்ற மட்ச்சும் கணக்கில் சேரும்

நேற்று இஷாவுக்குப் பிறகு போனில் ஒரு மட்ச் ஆடினேன். 1-4 தோல்வி. வாத்தியாருக்கு இது தேவையா என்று கேட்கிறவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

விளையாட்டு: கப்டன் சுபாசா 2. டெக்மோ கம்பனி 1990இல் பழைய நின்டெண்டோவுக்கு வெளியிட்டது. யோயிச்சி தகாஹாஷியின் உதைபந்தாட்டக் கதை 1981இல் ஜப்பானில் தொடங்கி, கார்ட்டூனாகி, அரபு நாடுகளில் 'கப்டன் மாஜித்' ஆனது. மத்திய கிழக்கில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்கு மாஜித்தைத் தெரியும். புத்தூரில் எனக்கு இதைக் காட்டித் தந்தது என் வகுப்புப் பையன் ஒருவன்.

இதில் விரல் வேகத்துக்கு வேலை குறைவு. எதிராளி முன்னால் வந்தால் ஆட்டம் நின்றுவிடும். வெட்டிப் போவதா, பாஸ் கொடுப்பதா, அடிப்பதா என்று தெரிவு செய்ய வேண்டும். டிரைவ் ஷூட்டை ஆரம்பத்திலேயே அடித்துத் தீர்த்தால், கடைசி நேரத்தில் சுபாசாவிடம் அதற்குத் தெம்பு இருக்காது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. தோற்றால் அதே மட்ச்சைத் திரும்ப ஆட வேண்டும். ஆனால் தோற்ற ஆட்டத்தில் வீரர்கள் பெற்ற அனுபவம் அழியாது. அடுத்த தடவை கொஞ்சம் பலமாக இறங்குவார்கள்.

அந்தப் பையன் தோற்கவே மாட்டான். ஒவ்வொரு அடிக்கும் முன் சேவ் பண்ணுவான், கோல் விழாவிட்டால் பின்னுக்குப் போவான். கடைசியில் பிரேசிலிடம் மாட்டிக்கொண்டான். அவனுடைய அணி என்னுடையதை விடப் பலவீனம்.

"ஏன் சேர் இப்படி?"

"நீ ஒரு மட்ச்சும் தோற்கவில்லையே, அதுதான்."

இவன் தரம் 5 புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைவாக எடுத்த பிள்ளை. இன்றும் நூறு வீதம் நிச்சயமில்லாத கேள்விக்குப் பதில் எழுதமாட்டான். பிழை விட்டால் தாள் கிழியும் வரை அழிறப்பரால் தேய்ப்பான். பத்து வயதில் அந்தப் பயத்தைக் கொடுத்தது நாங்கள்தான். சித்தியடைந்தவர்களின் படத்தைப் பெரிதாகப் போட்டோம். மற்றப் பிள்ளைகள் அந்த வருடம் முழுக்கப் படித்தது எங்கள் கணக்கிலேயே இல்லை.

நிஜப் பரீட்சை விளையாட்டல்ல, உயர்தரத்துக்கே மூன்று தடவைதான் என்பீர்கள். உண்மை. அதனால்தான் தோற்றுப் பழக வகுப்பறையிலாவது இடம் வேண்டும் என்கிறேன்.

என் வகுப்பில் இப்போது அழிறப்பர் இல்லை. பிழையான கணக்கின் மேல் ஒரு கோடு, கீழே சரியான வழி. அந்தத் திருத்தத்துக்கும் புள்ளி உண்டு. "கொப்பி வடிவாக இல்லை சேர்" என்று இரண்டு அம்மாமார் முறைப்பட்டார்கள். இருக்கட்டும்.

அடுத்த முறை பெறுபேறு வரும்போது "எத்தனை புள்ளி?" என்பதற்கு முதல், "எந்தக் கேள்வி கஷ்டப்படுத்தினது?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை வாயைத் திறக்கும்.

இன்றிரவு நானும் அதே மட்ச்தான் ஆடப்போகிறேன்.