படுக்கையே பகையாகலாம்

நோயுற்ற பெரியவர்களைப் படுக்கையை விட்டு அசையவிடாமல் காப்பதே அன்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சிறுசேரி, கேளம்பாக்கம் வட்டாரத்தில் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுகையில் நாம் அடிக்கடி கேட்கும் செய்தி ஒன்று உண்டு. தாமாக நடந்து ஆஸ்பத்திரிக்குச் சென்ற முதியவர், பத்து நாளில் காய்ச்சல் நீங்கி, இருவர் தாங்க வீடு திரும்புகிறார். நோய் போயிற்று; கால் பலமும் உடன் போயிற்று. “வயதாகிவிட்டது” என்று சொல்லி வீட்டார் அமைகின்றனர். அது முழு உண்மையன்று.

உழைக்காத தசை கரையும் என்பது உடலின் நியதி. காரணமின்றிப் படுத்திருப்பதன் கேடுகளை லண்டன் மருத்துவர் ரிச்சர்டு ஆஷர் 1947-லேயே எடுத்துரைத்தார். 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், நோயில்லாத முதியோர் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அவர்கள் கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்தது. நோயும் பசியின்மையும் சேர்ந்தால் இழப்பு இன்னும் மிகும். இளைஞர் இதனை விரைவில் மீட்பர். முதியோர்க்கு அது எளிதன்று. குழித்தறியில் கால் மிதித்து நெய்பவருக்கும், வரப்பில் நடந்து பயிர் காப்பவருக்கும் கால் பலமே மூலதனம் அல்லவா?

நடக்கவிட்டால் விழுந்துவிடுவாரே என்று அஞ்சுவோர் உண்டு. அச்சம் நியாயமே. ஆயினும் படுத்தே கிடந்து பலமிழந்த கால்தான், வீடு திரும்பியபின் எளிதில் தடுமாறுகிறது. எலும்பு முறிவு, இருதய நோய் முதலியவற்றில் ஓய்வின் அளவை டாக்டரே சொல்லவேண்டும். மற்றையோர் விஷயத்தில் “இன்று உட்காரலாமா? நடக்கலாமா? சிறுநீர்க் குழாய் இன்னும் வேண்டுமா?” என்று நாள்தோறும் கேட்பது உறவினர் கடமை. ஸ்பெயின் நாட்டில் 75 வயது கடந்த 370 நோயாளிகளிடம் நடத்திய சோதனை 2019-ல் வெளியாயிற்று. காலையும் மாலையும் சுமார் 20 நிமிடம் மேற்பார்வையோடு பயிற்சி செய்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நல்ல நடமாட்டத்துடன் வீடு திரும்பினர்.

ஆகாரத்திலும் கவனம் வேண்டும். நோயாளிக்குக் கஞ்சியும் ரொட்டியுமே போதும் என்பது தவறு. முதியோர்க்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றில் 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என 2013-ல் வல்லுநர் குழு ஒன்று கூறியது. ஒரு முட்டையில் 6 கிராம் அளவே உண்டு. எனவே பருப்பு, பால், தயிர், மீன் ஆகியவையும் சேரவேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே உண்ணவேண்டும்.

நமது மாநிலம் இத்துறையில் பின்தங்கியதன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி. எஸ். நடராசன் முதியோர்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வாயிலாக இயன்முறை சிகிச்சை வீட்டிற்கே வருகிறது. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கைகொடுத்து எழுப்ப ஆள் வேண்டுமே! வயல்கள் இருந்த இடத்தில் கணினி நிறுவனங்கள் எழுந்துள்ள இவ்வட்டாரத்தில், பிள்ளைகள் இரவும் பகலும் வேலையில் இருக்கின்றனர்.

இங்கேதான் கூட்டுறவுக்கு இடமிருக்கிறது. அங்கத்தினர் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், இருவர் இருவராக முறைவைத்துச் சென்று, தாதியின் அனுமதியோடு அவரை நடத்திவரலாம். துணைவிதிகள் இடங்கொடுத்தால், பொது நல நிதியிலிருந்து நடைச்சட்டம் ஒன்றை வாங்கி வைத்து, வேண்டுவோர்க்கு இரவல் தரலாம். ஆரஞ்சுப் பழத்தோடு சென்று நலம் விசாரித்துத் திரும்புவதைக் காட்டிலும், பத்தடி உடன் நடப்பது மேலான உதவி. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே சங்கங்கள் இதனை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.