மலிவான மாற்றுக் கண்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பங்குக் குடும்பங்கள் சிலவற்றில் குறுந்தகடு ஒலிக்கும் பெட்டி இன்றும் அலமாரியில் வீற்றிருக்கின்றது. திருமணத் திருப்பலியின் ஒலிப்பதிவு, மறைந்த பெற்றோரின் குரல், பங்குப் பாடகர் குழுவின் பாடல்கள் என வேறெங்கும் கிடைக்காதவை அத்தகடுகளில் உள்ளன. பெட்டி ஊமையானால் அவையும் ஊமையாகிவிடும். ஆகவே இம்மாதம் அதன் பழுதைப் பற்றிச் சிந்திப்போம்.

பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய குறுந்தகடு, 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இதில் ஊசி இல்லை. 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி, சிறு லென்சின் வழியே சென்று தகட்டில் பட்டுத் திரும்புகின்றது. தடங்களுக்கு இடையே உள்ள தொலைவு 1.6 மைக்ரான் மட்டுமே. எனவே நுண்ணிய கம்பிச் சுருள்கள் லென்சை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஓயாது நகர்த்துகின்றன. இவையனைத்தும் அடங்கிய பாகத்தையே பழுது பார்ப்போர் 'லென்ஸ்' என்று சுருங்கச் சொல்வர்.

சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளுக்கு மாற்று லென்ஸ் தேடிச் செல்லுமுன், பழையது உண்மையிலேயே கெட்டதா என்று அறிய வேண்டும். தகட்டை வைத்ததும் லென்ஸ் மேலும் கீழும் அசைந்து தேடுகின்றதா? அசைந்த பின்னும் தகடு சுழலவில்லையெனில் தூசு படிந்திருக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் சிறிதே நனைத்த பஞ்சினால் மெல்லத் துடைத்தாலே போதுமாயிருக்கும். தகடு உள்ளிருந்து வெளிப்புறமாகப் படிக்கப்படுவதால், முதற் பாடல்கள் நன்றாயிருந்து கடைசிப் பாடல்கள் மட்டும் தடுமாறினால், லென்ஸ் நகரும் தண்டில் மசகு காய்ந்திருக்கின்றதா, பற்சக்கரம் தேய்ந்திருக்கின்றதா என்று பார்த்தல் நன்று. எச்சோதனையின்போதும் கண்ணை லென்சுக்கு நேரே கொண்டு செல்லலாகாது. அவ்வொளி கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் கண்ணைக் கெடுக்கவல்லது.

புதிய லென்ஸ் பொருத்தியும் பெட்டி பாடவில்லையா? உடனே விற்றவரைப் பழிக்க வேண்டா. நிலைமின்சாரத்திலிருந்து லேசரைக் காக்க, அதன் சிறு பலகையில் ஈயப்பொட்டு ஒன்று வைத்தே பல லென்சுகளை அனுப்புகின்றனர். பட்டை வடத்தை இணைத்த பின்னரே அதனை அகற்ற வேண்டும். அகற்ற மறந்தால் லேசர் எரியாது. முன்னதாகவே அகற்றி வெறுங்கையால் தொட்டால் லேசர் கெட்டுப்போகலாம்.

சோனியின் கே.எஸ்.எஸ். 213 போன்ற புகழ்பெற்ற எண்களைத் தாங்கி நகல்களும் வருகின்றன. அவற்றுள் நல்லவையும் உண்டு. மட்டமானவையோ ஆலையில் அச்சிட்ட தகட்டைப் படித்துவிட்டு, வீட்டில் பதிவு செய்த தகட்டில் திணறும். ஆகவே இருவகைத் தகட்டையும், முதற் பாடலும் கடைசிப் பாடலும் கேட்டுப் பார்த்தே பெட்டியை ஏற்றுக்கொள்க. சிலர் பலகையிலுள்ள சிறு திருகைத் திருப்பி லேசரின் வலிமையைக் கூட்டிவிடுவர். பெட்டி அன்று இனிதாகப் பாடும்; லேசரின் ஆயுளோ குறைந்துவிடும்.

இங்கேதான் மனச்சான்றின் கேள்வி எழுகின்றது. நகலை நகல் என்று சொல்லி, அதற்குரிய விலையைப் பெறுபவர் நேர்மையாளர். நகலை அசல் என்று விற்பதும், துடைத்ததற்கு மாற்றியதாகக் கூலி பெறுவதும் ஏழாம் கட்டளைக்கு மாறானவை. கழற்றிய பாகத்தைக் கேட்டுப் பெறுவது வாடிக்கையாளரின் உரிமை. அதே வேளையில், அரைநாள் உழைத்தவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவது நமக்கும் அழகன்று. மலிவைத் தேடி அவரை நெருக்குவதும் நாமே, மலிவானதை மாட்டிவிட்டார் என்று குறை கூறுவதும் நாமே!

பழுதானதை எல்லாம் வீசியெறியும் பழக்கத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கண்டித்தார். செப்பனிடுவதும் படைப்பைப் பேணும் பணியே. எனினும் பெட்டி எவ்வளவு நன்றாகச் செப்பமுற்றாலும் அது நிலையானதன்று. அது மீண்டும் பாடத் தொடங்கும் நாளிலேயே அரிய தகடுகளைக் கணினியில் படியெடுத்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். பெற்றோரின் குரலைப் பிள்ளைகளும் கேட்கட்டும்.