படைப்பணிக்குப் பின் எந்தக் காப்பீடு?

 

இராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டுகள் பணியாற்றினால் ஓய்வூதியத்திற்குத் தகுதி பெறுகிறார். ஆகவே, நாற்பது வயதை எட்டுமுன்னரே பலர் ஊர் திரும்பிவிடுகின்றனர். பணிக்கொடையும் கம்யூட்டேஷன் தொகையும் கைக்கு வந்த உடனேயே காப்பீட்டு முகவரும் வாசலுக்கு வந்துவிடுகிறார். "ஆயுள் முழுவதற்குமான பாலிசி, போட்ட பணம் போனசுடன் கிடைக்கும்" என்கிறார். கையெழுத்திடுமுன் குடும்பத்தார் ஒருமுறை அமர்ந்து கணக்குப் பார்ப்பது கடமையாகும்.

பணியில் இருந்தவரை, 1976 முதல் நடைபெற்றுவரும் இராணுவக் குழுக் காப்பீட்டு நிதியம் குடும்பத்திற்குப் பாதுகாப்பளித்தது. ஓய்வுக்குப் பின்னும் நீட்டிப்புக் காப்பீடு உண்டு. அதன் தொகை எவ்வளவு, எந்த வயதுவரை செல்லும் என்பதை ஆவணங்களில் முதலில் பாருங்கள்.

குறித்த காலக் காப்பீட்டில், அக்காலத்திற்குள் மரணம் நேர்ந்தால் மட்டுமே பணம் கிடைக்கும். இல்லையேல் கட்டிய பிரிமியம் திரும்பாது. ஆகவே பிரிமியம் குறைவு. முழு ஆயுள் பாலிசியில் சேமிப்பும் கலந்திருப்பதால், அதே காப்புத் தொகைக்குப் பன்மடங்கு கட்ட வேண்டும். சில ஆண்டுகளில் கைவிட்டால் கட்டியது முழுவதும் கைக்கு வராது.

ஓர் எடுத்துக்காட்டு: தந்தைக்கு வயது 38, கடைக்குட்டிக்கு 6. பிள்ளை சொந்தக் காலில் நிற்க இன்னும் 16 ஆண்டுகள். மாதச் செலவு 30,000 ரூபாய். குடும்ப ஓய்வூதியம் 12,000 என்று கொள்வோம். பற்றாக்குறை 18,000. பதினாறு ஆண்டுகளுக்கு இது 34,56,000. கடனும் கொடுக்கப்படாத மஹரும் சேர்ந்து 8,00,000 எனில், மொத்தம் 42,56,000. கையிருப்பையும் நீட்டிப்புக் காப்பீட்டையும் கழித்தபின் எஞ்சுவதே உண்மையான தேவை. அது 16 ஆண்டுத் தேவையே தவிர ஆயுட்காலத் தேவையன்று. ஓய்வூதியம் பெறுபவருக்கு, வீட்டை நடத்தவேண்டிய பணத்தை முழு ஆயுள் பாலிசியில் முடக்குவது அவசியமில்லை.

இனி மார்க்கத்தின் பக்கம். வட்டியும் நிச்சயமின்மையும் கலந்த வணிகக் காப்பீட்டை ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985இல் ஹராம் என்றும், கூட்டுறவுக் காப்பீட்டை ஆகுமானதென்றும் தீர்மானித்தது. நிர்ப்பந்தத்தைக் கருதி மாற்றுக் கருத்துக் கூறும் உலமாக்களும் உண்டு. சேமிப்பும் போனசும் சேர்ந்த பாலிசியில் வட்டியின் கேள்வி மேலும் வலுக்கிறது. எனவே முகவருக்கு முன்பு ஆலிமைச் சந்தியுங்கள்.

மற்றொன்று. 2015இல் திருத்தப்பட்ட காப்பீட்டுச் சட்டப்படி, பெற்றோர், மனைவி, மக்கள் ஆகியோரில் நியமனதாரராக எழுதப்பட்டவருக்கே தொகையின் உரிமை சேர்கிறது. மனைவியின் பெயரை மட்டும் எழுதிவிட்டால் வயது முதிர்ந்த தாய்க்கு என்ன கிடைக்கும்? வாரிசுச் சொத்தாகக் கொண்டால், மக்களுள்ள ஒருவர் மறையும்போது கடன்கள் போக எஞ்சியதில் மனைவிக்கு எட்டில் ஒன்றும், தாய்க்கு ஆறில் ஒன்றும் உரியது. இதையும் ஆலிமிடமே கேட்டு, உங்கள் விருப்பத்தை எழுத்தில் வைத்திருங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நம் வழி. ஆனால் கயிற்றுக்காக ஒட்டகத்தையே விற்றுவிடக் கூடாது. அல்லாஹ் நம் குடும்பங்களைக் காப்பானாக! ஆமீன்.