ரசீதில் சமம், குழாயில் சேரி

கள ஆய்வுக்காகத் தளி பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தபோது, சேரியில் ஒரு பாட்டி இரண்டு ரசீதுகளை நீட்டினார். "எதுக்கு எவ்வளவு வாங்கியிருக்காங்கன்னு படிச்சுச் சொல்லு கண்ணு." ஒன்றில் வீட்டு வரியும், அதன்மேல் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும். இன்னொன்றில் குடிநீர்க் கட்டணமும் நிலுவையும். தண்ணீருக்கான காசு இரண்டாவதில் மட்டுமே இருக்கிறது.

மீட்டர் இருந்தால் ஓடிய தண்ணீருக்குக் கணக்கு. மீட்டர் இல்லாத ஊராட்சிக் குழாய்க்கு மாதக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே. மேல்நிலைத் தொட்டி ஊருக்குள் நிற்கிறது. குழாய் ஊர்த் தெருக்களைச் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் சேரிக்கு வருகிறது. தண்ணீர் மிச்சமிருந்தால் வரும். கட்டணம் மட்டும் தவறாமல் வரும். இந்த வேறுபாட்டை எழுத ரசீதில் கட்டம் இல்லை.

ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு ஜப்பான் கடனுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. மலையேறி வந்த காவிரிக்கு, ஊரைத் தாண்டி சேரிக்கு வர மட்டும் ஏன் இத்தனை தயக்கம்?

2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர். கிராமத்துக்குள் அமைக்கும் கட்டமைப்புச் செலவில் மக்கள் பங்கு 10 சதவீதம். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் கிராமங்களில் 5 சதவீதம். கணக்கெடுப்பது கிராமத்தை, சேரியை அல்ல. சாதி இந்துக்கள் பெரும்பான்மையாக உள்ள கிராமத்தின் சேரிக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் பங்கைப் பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை, உழைப்பாகவும் தரலாம். இதைச் சேரியில் யாரும் சொல்வதில்லை.

மகத் நகராட்சி 1924இலேயே குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. அந்தத் தண்ணீரைக் கையில் அள்ள, 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களைத் திரட்டி நடக்க வேண்டியிருந்தது. காகிதம் தானாக நடக்காது.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், காசு கட்டியதற்கு அதுவே சாட்சி. தண்ணீர் வந்த நாளையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராமசபையில் இரண்டையும் சேர்த்துப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். ஒரே கட்டணம் என்றால் ஒரே தண்ணீர்.