சாவுக்கும் கணக்கு வேண்டும்



பொதுமுடக்கத்தில் ஊர் திரும்பும் வழியில் மாண்ட புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்ற விவரம் தன்னிடம் இல்லை என்று 2020 செப்டம்பரில் மத்திய தொழிலாளர் அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கூறியது. விவரம் இல்லாததால் இழப்பீட்டுக் கேள்வியும் எழவில்லையாம். ஏட்டில் இல்லாதவன் செத்தாலும் செத்ததாகக் கணக்கில்லை!

2021 முடிய கொரோனாவுக்குப் பலியானோர் சுமார் 4.8 லட்சம் என்றது அரசு. நோயாலும் நோய்க்கால நெருக்கடியாலும் அந்த இரண்டு ஆண்டுகளில் 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்தனர் என்று 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசு அதை ஏற்கவில்லை. இந்த வழக்கை ஆண்டுகள் கழித்துப் பேசி யாருக்கு லாபம்? சாவு கூடும் வாரத்திலேயே அது தெரிய வேண்டாமா?

அதற்கு ஒரு கருவி உண்டு. 1924-இல் அமெரிக்காவின் வால்டர் ஷூஹார்ட் தொழிற்சாலைகளுக்காக வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம்தான் அது. மகலனோபிஸ் அழைப்பின்பேரில் 1947-48-இல் அவர் இந்தியாவுக்கும் வந்தார்.

ரயில்வேக்காரர்களான எங்களுக்கு இது எளிதில் விளங்கும். வண்டி ஐந்து நிமிடம் தாமதித்தால் வழக்கம்; மூன்று மணி நேரம் தாமதித்தால் பாதையில் ஏதோ நேர்ந்திருக்கிறது. சாவும் அப்படியே. ஒரு வார்டில் சாதாரண காலத்தில் வாரத்துக்குச் சராசரி 16 பேர் இறப்பதாகக் கொள்வோம். 16-இன் வர்க்கமூலம் 4. அதன் மும்மடங்கு 12. சராசரியோடு கூட்டினால் 28. இதுவே மேல் எல்லைக்கோடு. ஒரு வாரம் 20 பேர் இறந்தால் பதற வேண்டாம். 30 ஆனால் தற்செயல் என்று தட்டிக்கழிக்க முடியாது. மருத்துவரும் படுக்கைகளும் அங்கே உடனே வந்தாக வேண்டும். எல்லைக்குள் இருந்தாலும், எட்டு வாரம் தொடர்ந்து சராசரிக்கு மேலேயே நின்றால் அதுவும் அபாய அறிகுறியே.

இதிலும் சூது செய்யலாம். கொள்ளைநோய்க்காலச் சாவுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கோடு மேலேறி ஆபத்தை மறைத்துவிடும். ஆகவே நோய்க்கு முந்தைய ஆண்டுகளைக் கொண்டே கோடு போட வேண்டும். எந்த நோயால் செத்தார் என்ற வாதத்துக்கு இடமின்றி எல்லாச் சாவையும் எண்ண வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. பதியாத சாவு வரைபடத்தில் புள்ளியாகாது. உடலை ஊருக்குக் கொண்டுபோனாலும், இறந்த இடத்திலேயே 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

வார்டு வாரியாக, வாரந்தோறும் இந்த வரைபடத்தை நகராட்சிகள் மக்கள் பார்வைக்கு ஒட்ட வேண்டும். இதைச் சங்கங்கள் ஒன்றுபட்டுக் கேட்போம்!