எடுக்காத மெடிக்கல் லீவுக்குக் காசா?

"காய்ச்சல்னுகூட லீவு போட்டதில்லீங்க. மிச்சமான மெடிக்கல் லீவுக்கு ஏன் காசு தரமாட்டாங்க?" திருப்பூர் பக்கம் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களின் மனக்குறை இது.

தமிழக அரசு, சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்புக்கு 240 நாள் வரை சம்பளம் தருகிறது. சொந்த அலுவலுக்கான ஈட்டா விடுப்புக்கும் ஓரளவு உண்டு. மருத்துவ விடுப்புக்குக் கிடையாது. (மத்திய அரசில், ஈட்டிய விடுப்பு 300 நாளுக்குக் குறைந்தால் அரைச் சம்பள விடுப்பை வைத்து ஈடுகட்டலாம்.)

கேட்பது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் காசு என்றாகிவிட்டால் நம்மவர்கள் நெஞ்சுவலியோடும் ஆபீஸ் போவார்களே! பனியன் கம்பெனித் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ.யில் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவிகிதக் கூலி, நோயில் படுத்தால்தான். எடுக்காத நாள் காசாகாது.

சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களே, டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னால் எடுங்கள். ஈட்டிய விடுப்புக் கணக்கை மட்டும் ரிடையர் ஆவதற்குள் சர்வீஸ் புத்தகத்தில் சரிபார்த்துவிடுங்கள்.